பாஸ்கரன் சார் வீட்டு நிலா வெளிச்சம்

போன மாதம் ஆலையிலிருந்து ஒரு இளம் இன்ஜினியர் போன் செய்தார். ஆலை முழுவதும் எல்லா விளக்கையும் எல்இடியாக மாற்றி முடித்துவிட்டார்களாம். அதைக் கொண்டாட ஒரு மலர் போடுகிறார்களாம். "பழைய ஆளுங்கள்ல நீங்க நல்லா எழுதுவீங்கன்னு சொன்னாங்க சார். உங்க காலத்துல லைட்டிங் எப்படி இருந்துச்சுன்னு சுவாரசியமா ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. அப்பல்லாம் எல்இடியே கிடையாதுல்ல?" என்றார்.

இருந்தது தம்பி. எங்கள் எலக்ட்ரிக்கல் பிரிவு முதன்முதலில் எல்இடி பொருத்தியது ஒரு வீட்டு மீன் தொட்டியில். பொருத்தியவன் நான். இதை எழுதினால் மலரில் போடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் எனக்கு உடம்பு சரியில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு, இதைத் தனியாக எழுதுகிறேன். ஆலையின் பெயரை எழுதப்போவதில்லை. அரியலூரைச் சுற்றிச் சிமெண்ட் ஆலைகளுக்குப் பஞ்சமில்லை.

எனக்குச் சொந்த ஊர் செட்டிகுளம். ஐடிஐ படித்தேன், அப்ரண்டிஸாக ஊர் ஊராக மோட்டார் துடைத்தேன், பிறகு இந்த ஆலையில் சேர்ந்தேன். தொண்ணூற்றைந்தில் ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் ஆனபோது கல் உடைக்கும் பகுதியையும் அதையடுத்த டனலையும் என் பொறுப்பில் விட்டார்கள்.

டனல் என்று நாங்கள் சொல்வது இதுதான். உடைத்த சுண்ணாம்புக்கல்லை மலைபோல் குவித்து வைத்திருப்பார்கள். அந்தக் குவியலுக்கு அடியில், தரைக்குக் கீழே, நீளமாக ஒரு கான்கிரீட் பாதை. மேலிருந்து கல் விழும். உள்ளே ஓடும் ரப்பர் பெல்ட் அதை ஆலைக்குள் கொண்டு போகும். வெளியே உச்சி வெயில் கொளுத்தினாலும் உள்ளே இருட்டு. பெல்ட்டிலிருந்து சிதறுகிற கல்லையும் மண்ணையும் அள்ளிப் போட ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டியது என் வேலை.

அங்கே சாதாரண டியூப் லைட் நிற்காது. அதிர்வில் ஹோல்டர் கழன்றுவிடும். தூசி புகுந்து சோக் எரிந்துவிடும். நான் மாற்றுவேன், அடுத்த வாரமே போய்விடும், மறுபடி மாற்றுவேன். தூசி புகாத, கண்ணாடி மூடிய விளக்குகள் தேவை. அதை வாங்கித் தரவேண்டியவர் எங்கள் எலக்ட்ரிக்கல் மேனேஜர் பாஸ்கரன் சார்.

பாஸ்கரன் சாரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் என்னைவிட வயதில் இளையவர். குரலை உயர்த்தமாட்டார். யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார், "உக்காருங்க" என்பார். நாம் சொல்வதைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்து, "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு சரி கலியபெருமாள். பாப்போம்" என்பார். கத்துகிற அதிகாரியிடம் திருப்பிக் கத்தலாம். நான் கத்தியிருக்கிறேன். நீ சொல்வது சரி என்கிறவரிடம் என்னத்தைக் கத்துவது? நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வரவேண்டியதுதான்.

வேலை தெரியாதவரும் அல்ல. பூமிக்கடியில் கேபிள் பழுதானால், மீட்டர் முள்ளைப் பார்த்தே இந்த இடத்தில் தோண்டு என்பார். தோண்டினால் அங்கேதான் இருக்கும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் அவர் குவார்ட்டர்ஸுக்குப் பெரிய மீன் தொட்டி ஒன்று வந்தது. அதற்கு விளக்கு போட என்னைக் கூப்பிட்டார். ஷிஃப்ட் நேரத்தில்தான். "மத்தவங்க வேலை கரடு முரடா இருக்கும், நீங்க வாங்க" என்றார். தொட்டியில் நீரடியில் வெள்ளை மணல், கறுப்புப் பாறை, நாடா மாதிரி நீண்ட வேலம்பாசி. மீன்கள் ஏஞ்சல் வகை, தட்டையாக, உள்ளங்கை அகலம்.

அன்றைக்கு அந்த ஹாலில் அவர் எனக்குச் சொன்னவை ஒன்றும் மறக்கவில்லை. "மீனுக்கு இமை கிடையாது கலியபெருமாள். வெளிச்சம் வேணாம்னா அதால கண்ணை மூடிக்க முடியாது. நாமதான் பகலையும் ராத்திரியையும் பண்ணிக் கொடுக்கணும். வெள்ளை லைட்டைப் பட்டுன்னு அணைச்சா பயந்துபோய்க் கண்ணாடியில மோதும். அதனால மொதல்ல வெள்ளை அணையணும், கொஞ்ச நேரம் நீலம் மட்டும் எரியணும். நிலா வெளிச்சம் மாதிரி. அதுல அது தூங்குற எடத்தைத் தேடிக்கும். அப்புறம் நீலமும் அணையணும். ராத்திரி முழுக்க நீலம் எரியக்கூடாது, அழகுக்காக விட்டா அதுக்குத் தூக்கமே கிடையாது."

நான் கேட்டேன், "பகலுக்கு என்ன சார் போடுறது?"

"வெள்ளை எல்இடி மட்டும் போட்டா மீனு வெளுத்துப்போய் செத்தது மாதிரி தெரியும். பாசிச் செடிக்கும் பத்தாது. ஒரு டியூப் லைட்டு இருக்கட்டும், கூட ஒரு வரிசை வெள்ளை எல்இடி. ரொம்ப நேரமும் எரியக்கூடாது, கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி புடிச்சிடும்."

எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு ஜீவனுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும், எப்போது வேண்டும், எந்தப் பக்கத்திலிருந்து வேண்டும் என்று இத்தனை நுணுக்கமாக ஒருவர் யோசித்து நான் பார்த்ததில்லை.

அப்போது எல்இடி எல்லா இடத்திலும் கிடைக்காது. பெரம்பலூரில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த ஜமால் பாயிடம் போனோம். அவர் லெப்பைக்குடிக்காட்டுக்காரர். மகன் துபாயில் இருந்தான், வரும்போதெல்லாம் புதிதாக ஏதாவது கொண்டுவருவான். பாய் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரித்து வைத்தார்.

"பாய், ஷட்டரைப் பாதி எறக்குங்க. கடை லைட்டை அணைங்க. ஒரு வாளியில தண்ணி வேணும்" என்றார் பாஸ்கரன் சார்.

"தண்ணி எதுக்கு சார்?"

"தண்ணிக்கு மேல புடிச்சுப் பாக்காம நீலத்தை எப்படி வாங்குறது?"

பாய் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். சார் பேண்ட்டை மடித்துவிட்டுக் கீழே உட்கார்ந்து, ஒவ்வொரு விளக்காக எரியவிட்டுத் தண்ணீருக்கு மேல் பிடித்தார். இது ஊதா அடிக்குது, இது கண்ணைக் குத்துது, இது பரவாயில்லை, இதைத் தனியா வைங்க என்று பிரித்துக்கொண்டே போனார். தண்ணீரை விரலால் கலக்கிவிட்டு, வாளியின் அடியில் நீலம் எப்படி அலைகிறது என்று பார்த்தார். பாய் என் காதருகே, "எம் பையனுக்குப் பொண்ணு பாக்கப் போனப்பக்கூட நாங்க இவ்வளவு பாக்கலைங்க" என்றார். இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தோம்.

கடையின் மூலையில் தூசி புகாத விளக்குகள் அடுக்கியிருந்தன. எங்கள் டனலுக்கு வேண்டிய அதே வகை. விலை கேட்டேன். சாரும் நின்று கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது ஜீப்பில் பேச்சை எடுத்தேன். "சார், டனல் கடைசில உருளை கிட்ட ஒரு லைட்டும் எரியலை. நான் போடுறது நிக்க மாட்டேங்குது. பாய்கிட்ட இருக்குறதுல நாலு வாங்கிட்டாலும் போதும். அங்க வேலை செய்யிற ஆரோக்கியசாமி என்னைப் பாக்குறப்பல்லாம் கேக்குறான்."

ஆரோக்கியசாமி வரதராஜன்பேட்டைப் பையன். ஒப்பந்த வேலை. கல்யாணமாகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. டீக்கடையில் பார்த்தால், "அண்ணே, உருளை கிட்ட ஒரு லைட்டு போடுங்கண்ணே. சுத்துதா நிக்குதான்னே தெரியலை" என்பான். அவன் சொன்னது நிஜம். பெல்ட் திரும்புகிற முனையில் இருக்கும் அந்த இரும்பு உருளை வழவழவென்று இருக்கும். மேலே ஒரே சீராக வெள்ளைத் தூசி படிந்திருக்கும். மங்கலில் பார்த்தால் சுற்றுகிற உருளையும் நிற்பது போலவே தெரியும். சுற்றியிருந்த கம்பி வலையும் ஒரு பக்கம் துருப்பிடித்துப் பிய்ந்து கிடந்தது.

இதையெல்லாம் சொன்னேன். சார் கண்ணாடியைத் துடைத்தார். "நீங்க சொல்றது சரிதான். வருசாந்திர ஷட்டவுன் வருது, அப்ப மொத்தமா மாத்திடலாம். அதுவரைக்கும், பாப்போம்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "நீலம் ஆறு போதும்ல? அதிகமானா ஒயின்ஷாப் மாதிரி ஆயிடும்" என்றார்.

தொட்டி விளக்கை நான் ஒழுங்காகத்தான் செய்தேன். அலுமினியப் பட்டை ஒன்றில் வெள்ளையை முன்பக்கமும் நீலத்தைப் பின்பக்கமும் பொருத்தினேன். நீலம் ஒரு ஓரமாக இருந்தால்தான் பாறைக்கு நிழல் விழும், மீன் ஒதுங்க இடம் கிடைக்கும் என்று சார் சொல்லியிருந்தார். தண்ணீர் தெறிக்காமல் கீழே கண்ணாடி. வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் தொட்டிக்கு மேலே வைக்காமல் பக்கவாட்டில் தள்ளி வைத்தேன். வயரை நேராகப் பிளக்குக்கு இழுக்காமல், கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றினேன். வயரில் வழிகிற தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. வெள்ளைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று தனித்தனி டைமர். கசிவு வந்தால் உடனே கரண்ட்டை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச்.

சாயங்காலம் முதல் முறையாக ஓடவிட்டோம். வெள்ளை அணைந்தது. நீலம் மட்டும் மணலில் நெளிந்தது. ஏஞ்சல் மீன்கள் பதறாமல், ஒவ்வொன்றாகப் பாசிக்குப் பின்னால் போய் நின்றன. சாரின் மனைவி கைதட்டினார். சார் என் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, பயமே இல்லாமப் போகுது" என்றார். அவர் குரல் உண்மையிலேயே நெகிழ்ந்திருந்தது.

அந்த வாரமே, ஒரு மத்தியானம், நான் சப்ஸ்டேஷனில் இருந்தபோது டனல் பெல்ட் நின்றுபோனதற்கான மணி அடித்தது. யாரோ ஆபத்துக் கயிற்றை இழுத்திருக்கிறார்கள். அந்த மோட்டாரின் ஃபியூஸ்களைப் பிடுங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ஃபியூஸ் என்னிடம் இருந்தால் யாரும் தெரியாமல் பெல்ட்டை ஓட்டிவிட முடியாது.

உள்ளே கூச்சல். டார்ச்சை அடித்தேன். ஆரோக்கியசாமியின் வலது கை பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில், தோள்பட்டை வரைக்கும் போயிருந்தது. மண்வெட்டி பக்கத்தில் கிடந்தது. அவன் கத்தவில்லை. என் டார்ச்சைப் பார்த்து, "அண்ணே, லைட்ட இங்குட்டு அடிக்காதீங்கண்ணே" என்றான். தன் கையைப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை.

பெல்ட்டை வெட்டினால்தான் கையை எடுக்க முடியும். பெல்ட் ஃபிட்டரிடம் கத்தி இருந்தது. ஷிஃப்ட் இன்ஜினியர் ஓடிவந்து, "இருங்கண்ணே, பெல்ட்ட வெட்டணும்னா மேல கேக்கணும்" என்றார்.

"நீ போயி கேட்டுக்கிட்டு இரு" என்று கத்தியை வாங்கி நான் வெட்ட ஆரம்பித்தேன். அது சாமானியத்தில் அறுபடாது, உள்ளே துணியும் ரப்பருமாகப் பல அடுக்கு. ஃபிட்டரும் நானும் மாற்றி மாற்றி அறுத்தோம். பெல்ட் தளர்ந்ததும் நாலு பேராக அவனை வெளியே எடுத்து அரியலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். கையைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் காலை நான் வேலைக்கு வந்தபோது டனல் வாயிலிலிருந்து வெளிச்சம் வெளியே கொட்டியது. உள்ளே போய்ப் பார்த்தேன். வரிசையாகக் கண்ணாடி மூடிய விளக்குகள். உருளைக்குப் பக்கத்தில் தரையில் கிடக்கிற ஆணி தெரிந்தது. உருளையைச் சுற்றிப் பச்சைப் பெயிண்ட் காயாத புது வலை. இராத்திரி ஷிஃப்டில் இருந்தவர்களிடம் கேட்டேன், இத்தனை விளக்கு எங்கேயிருந்து வந்தது என்று. காலனியில் அதிகாரிகள் ஆடுகிற ஷட்டில் கோர்ட்டிலிருந்து கழற்றி வந்தோம் என்றார்கள்.

அந்த நிமிஷம் வந்த கோபம்தான் இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது. விளக்கு இல்லாமல் இல்லை. ஒரே இராத்திரியில் முடிகிற வேலை. இத்தனை நாளும் அது பந்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

அன்றைக்கே, தொழிற்சாலை ஆய்வாளர் வருவதற்கு முன், பாஸ்கரன் சார் என்னைக் கூப்பிட்டார். உக்காருங்க என்றார். நான் நின்றேன்.

"ஆய்வாளர் உங்ககிட்ட, டனல்ல லைட் எரியுதான்னு கேப்பார். எரியுது. அதைத்தான் சொல்லணும். பொய் சொல்லச் சொல்லலை."

"அன்னைக்கு எரிஞ்சுச்சான்னு கேட்டா?"

"அப்படிக் கேக்கமாட்டார்."

"கேக்காட்டியும் நான் சொல்லுவேன் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஆய்வாளர் டனலுக்குள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார். ஒப்பந்தக்காரர் கூடவே ஒட்டிக்கொண்டு, "நல்ல வெளிச்சம் சார் இங்க. அந்தாளு குடிச்சிட்டு வந்துட்டான் சார். தடுமாறி விழுந்துட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பாஸ்கரன் சார் அதை மறுக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை.

நான் முன்னால் போய் நின்றேன். "சார், நான் இந்த ஏரியா எலக்ட்ரீஷியன். இந்த லைட்டெல்லாம் அவன் கை போனதுக்கு அப்புறம் மாட்டுனது. அன்னைக்கு இந்தக் கடைசியில ஒண்ணுகூட எரியலை. இந்த வலையும் கெடையாது. பெயிண்ட்டைத் தொட்டுப் பாருங்க. அவனை நான்தான் வெளியில எடுத்தேன், அவன் வாய்க்கு நேரா என் மூஞ்சி இருந்துச்சு. குடிச்ச வாடையே கெடையாது. லைட்டு போடுங்கன்னு என்கிட்ட அவன் பல தடவை கேட்டான். நான் சார்கிட்ட கேட்டேன்."

ஆய்வாளர் பாஸ்கரன் சாரைப் பார்த்து, "இவர் உங்ககிட்ட கேட்டாரா?" என்றார்.

"கேட்டார்" என்றார் சார். அதே குரல். ஏற்ற இறக்கம் இல்லை. பச்சைப் பெயிண்ட் ஒட்டிய தன் விரலைக் கைக்குட்டையில் துடைத்துவிட்டு ஆய்வாளர் எழுதிக்கொண்டார்.

இது நடந்து சில நாளில் என்னைக் கல் சுரங்கத்துப் பம்ப் ஹவுஸுக்கு மாற்றினார்கள். மழைத்தண்ணீரை இறைக்கிற மோட்டாரைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிற வேலை. ஓய்வு பெறும்வரை அங்கேதான். உத்தரவை வாங்கப் போனபோது சார் வருத்தமான முகத்தோடுதான் இருந்தார். "நீங்க செஞ்சது தப்புன்னு நான் சொல்லமாட்டேன் கலியபெருமாள்" என்றார். பிறகு, இதை நான் கற்பனை செய்து எழுதவில்லை, "தொட்டியில நீலம் ஒரு பக்கம் விட்டு விட்டு எரியுது. மீனு மிரளுது. போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போயிடுங்க" என்றார்.

"சார், மீனுக்கு வெளிச்சம் எப்படி வேணும்னு ஒரு வாளித் தண்ணியில பாத்த மனுசன் நீங்க. மீனுக்கு இமை இல்லைன்னு சொன்ன மனுசன். நூறு அடி எறங்கி வந்து அந்த டனலைப் பாக்க உங்களுக்குத் தோணலையே. உங்களுக்குத் தெரியாதுன்னா நான் விட்டிருப்பேன் சார். உங்க வூட்டுக்கு நான் வரமாட்டேன்" என்றேன். எனக்கு வருத்தமில்லை. அன்றைக்கு நான் பேசியது குறைவு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆலை மீது வழக்கு வந்து, அபராதம் கட்டி முடித்தார்கள். ஆரோக்கியசாமிக்கு நஷ்டஈடு இழுத்தடித்து வந்தது. பாஸ்கரன் சார் பதவி உயர்வோடு வடக்கே ஒரு ஆலைக்குப் போனார்.

ஆனால் வழக்கெல்லாம் முடிவதற்கு வெகு முன்னாலேயே, அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியதும், நான் ஜெயங்கொண்டம் வழியாக வரதராஜன்பேட்டைக்குப் போனேன். வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சட்டையின் வலதுகை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. அவன் மனைவி செலின் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னிடமும் அவனிடமும் ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். அந்தப் போக்கிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"காண்ட்ராக்டர் ஆளு இங்க வந்து சொல்லிட்டுப் போயிட்டாண்ணே" என்றான் ஆரோக்கியசாமி. "குடிச்சிட்டு மெசின்ல வுழுந்தேன்னு. ஞாயித்துக்கெழம எப்பவாச்சும் குடிப்பேன், இல்லங்கல. அதனால இவளும் நம்பிட்டா. இவ அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டாரு. கோயிலுக்குப் போனாக்கூட அப்படித்தான் பாக்குறாங்க. கை போனதுக்குக்கூட நான் அழுவலண்ணே."

நான் எழுந்து கதவருகே போய், "அம்மா செலின், கொஞ்சம் வெளியில வாம்மா" என்றேன். வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவன் குடிக்கலம்மா. அங்க லைட்டு எரியலை. இவன் லைட்டு கேட்டான், தரலை. உருளை சுத்துறது கண்ணுக்குத் தெரியாத இருட்டு. எவனா இருந்தாலும் கை போயிருக்கும். நானா இருந்தாலும் போயிருக்கும். இவன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் என்னைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தாள். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, "இருங்க, எங்கண்ணனைக் கூட்டியாறேன். அவருகிட்ட சொல்லுங்க" என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

அண்ணன் வந்தார். அவரிடம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள், அவர்களையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். தெருமுனையிலிருந்து இன்னும் இரண்டு மூன்று பேர் வந்தார்கள். ஜெயங்கொண்டம் பஸ் புறப்படுகிறது என்று யாரோ சொன்னார்கள். போகட்டும் என்றேன். புதிதாக வந்தவர்களுக்காக மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.